நான்கரை என்றும் சொல்லலாம்

மின்சாரம் போய், ஜெனரேட்டர் இருமி எழுந்ததும்
திரையில் மறுபடி வருகிறது நெஞ்சு.
கறுப்பாய் இரண்டு நுரையீரல்,
நடுவில் கொஞ்சம் இடம் கேட்டு உட்கார்ந்த இதயம்.
கழுத்தெலும்பிலிருந்து உதரவிதானம் வரை
ஒருமுறை கீழே, ஒருமுறை மேலே,
பிறகு இன்னும் மெதுவாக.

வலது மேல்மடலில் ஒரு புள்ளி. ஆறு மில்லிமீட்டர்.
இடது கீழ்மடலில், விலாவை ஒட்டி, இன்னொன்று.
நான்கு. நான்கரை என்றும் சொல்லலாம்,
என் கை எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து.

சீட்டில் பெயர் உ துன் மியின், வயது ஐம்பத்தேழு.
வீட்டில் வெள்ளையப்பு.
தாம்வே சந்தியில் முப்பது வருடம் வெற்றிலைக் கடை.
மடித்ததில் பாதியைத் தானே மென்றார் என்று
முத்தாலம்மா சொன்னாள், குற்றமாக இல்லை,
கணக்காக.
நாக்கின் இடது பாதியை தை மாதம் எடுத்தார்கள்.
அப்புறம் முப்பது நாள் கதிர்.
மிச்ச நாக்கு சொல்வது அவளுக்கு மட்டும் புரியும்.
எங்களுக்கு நோட்டில் எழுதுகிறார்,
தமிழை, பர்மிய எழுத்தில், வட்டம் வட்டமாக.
அதில் ழகரம் கிடையாது.
'மலை ஜாஸ்தி, பஸ் வரல' என்று எழுதிக் காட்டினார்.
சிரித்தேன். அவரும் சிரித்தார், ஒரு பக்கமாக.

இந்த ஊரில் ஒரு புள்ளிக்கு மூன்று தகப்பன்கள்.
நாக்கிலிருந்து இறங்கி வந்ததாக இருக்கலாம்.
அவர் பிடித்த சுருட்டுக்குத் தனியாக முளைத்த
புதிதாக இருக்கலாம்.
பழைய சயம் விட்டுப்போன வடுவாகவும் இருக்கலாம்.
சளியில் கிருமி இல்லை.
ஊசி போட்டு எடுக்க முடியாத சிறிசு.
சர்ஜன் போனில் கேட்கிறார்:
பரவிடுச்சா, இல்லையா? ஒரே வார்த்தை.

என்னிடம் ஒரே வார்த்தை இல்லை.

மறுநாள் நனைந்து வந்தாள் முத்தாலம்மா.
பன்னிரண்டு வருடம் முன் அவர் ரத்தம் துப்பியபோது எடுத்த படம்,
காலண்டருக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தாளாம்.
ஒரு மூலையைக் கரப்பான் தின்றிருந்தது.
கரண்ட் இல்லை; ஜன்னலில் பிடித்தோம்,
மழை வெளிச்சத்தில்.

வலது புள்ளி அங்கேயே இருந்தது.
அதே இடம், ஏறக்குறைய அதே அளவு,
சுண்ணாம்பு ஏறி வெள்ளையாய்.
வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பை
உடம்பு தன் காயத்துக்குத் தானே தடவியிருக்கிறது.
அவளிடம் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டாள்.
கும்பிட்ட கை இறங்கும் முன்
இடதையும் சொல்ல வேண்டியிருந்தது.

இடது புள்ளி பழைய படத்தில் இல்லை.
அன்றைக்கு இல்லையா,
இருந்தும் அந்தப் படத்துக்குக் கண் தெரியவில்லையா,
படம் சொல்லாது.

'மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கவும்'
என்று அடியில் தட்டினேன்.
எத்தனையோ பேருக்குத் தட்டிய வரி,
அதைத் தட்ட நான்கு விநாடி ஆகும்.
அவர் விரல்விட்டு எண்ணினார்:
நாளைக்கு வாசோ பௌர்ணமி.
பிக்குகள் மடம் விட்டு நகராத மூன்று மாதம்.
தெருவெல்லாம் தடிஞ்சுட் விளக்கு ஏற்றும்போது
இவர் மேஜையில் படுத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி
மூச்சைப் பிடிக்க வேண்டும்.

'அது வலருமா?' என்று எழுதினார்.
வளர்ந்தால் தெரியும் என்றேன்.
வளராவிட்டாலும் இன்னொரு தரம் பார்ப்போம் என்றேன்.
நோட்டை வாங்கி என்னவோ எழுதத் தொடங்கினார்.
ஈரத்தில் பேனா ஒரு வட்டத்தோடு நின்றுவிட்டது.
பர்மிய எழுத்தில் அது வ.
சுழியும் அப்படித்தான் இருக்கும்.
'வர்றேன்' என்று தொடங்கியிருப்பார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வெற்றிலைக் கடை உண்டு.
குடையை அந்தப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்து
அவரைக் கூட்டிப் போனாள்.